ஓலை வாசிப்பில் நான் எழுந்து நின்றது

மகனே,

உன் கடிதமும் மணியார்டரும் வியாழக்கிழமை ஒன்றாக வந்து சேர்ந்தன. தபால்காரர் ரூபாயை எண்ணிக் கையில் வைத்துவிட்டு, "கடலுக்கு அந்தப் பக்கம் இப்பிடி ஒரு மவன் இருந்தா ஓமக்கென்ன கவலை ஓய்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்து வைத்தேன். இங்கே எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். உடம்புக்குச் சுகம்தான். உன் அம்மா நேரத்துக்குக் கஞ்சி ஊற்றுகிறாள், என்னைத் தவிர மற்ற எல்லாரிடமும் பேசுகிறாள். உன் தங்கை எஸ்தர் பாடம் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் சந்தைக்குப் போகிறேன், வருகிறேன். கருப்பட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் கருப்பட்டியைப் பார்க்கிறார்கள். இந்த வயசில் இப்படி ஒரு நாணக்கேடு வரும் என்று நான் நினைத்ததில்லை. அதை யாரும் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து போடவில்லை. நானே தேடிப் போய் வாங்கி வந்தேன்.

டீக்கனார் ஞானமுத்துவின் வக்கீல் எழுதித் தந்த மன்னிப்பைச் சபையில் வாசித்துவிட்டு, அவர்கள் கேட்கிற வழக்குச் செலவை இந்தப் பணத்தில் கொடுத்து முடித்துக்கொள்ளும்படி எழுதியிருக்கிறாய். எஸ்தருக்கு முதலில் வருத்தமாக இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல, உங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணியின் கதை வருகிறது. வேலை வாங்கித் தந்ததற்கென்று உன் சம்பளத்தில் அவன் பிடித்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும், இல்லாவிட்டால் கூலியாட்களுக்கு அளக்கிற அரிசியில் அவன் கைவைப்பதைத் துரை முன்னால் எல்லாரும் கேட்கச் சொல்லிவிடுவேன் என்று அவனிடம் கேட்கப் போகிறாயாம். "அப்பா சந்தையில் செய்கிற மாதிரி" என்று அதற்கு ஒரு வால் வேறு. மற்றதையெல்லாம் படித்தபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இந்த வாலைப் படித்தபோது அந்த ஆறுதல் போய்விட்டது. நடந்தது உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அதனால் முழுவதும் எழுதுகிறேன். என் பக்கம் நியாயம் தேடிக்கொண்டு எழுதவில்லை, நீ பொறுமையாகப் படி.

நீ கப்பலேறுவதற்கு முந்தின மாதம் நம் வீட்டில் வைத்து எஸ்தருக்கும் சாமுவேலுக்கும் நிச்சயம் நடந்தது. பழைய உபதேசியார் வந்து ஜெபம் செய்தார், வெற்றிலை மாற்றினோம், பந்தியில் சோறு விளம்பினது நீ. சாமுவேலின் அப்பா ஞானமுத்து அப்போதே குழித்துறையில் துணிக்கடை வைத்திருந்தார், நம் சபைக்கு டீக்கனும் ஆகியிருந்தார். பையன் திருவனந்தபுரத்தில் காலேஜ் படிக்கட்டும், செலவு பெண் வீட்டார் பாடு, படித்து உத்தியோகம் ஆனதும் கல்யாணம் என்று பேசினோம். நம் பக்கத்தில் பத்து வீட்டில் ஏழு வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. ஒரு காகிதமும் எழுதவில்லை. ஜெபம் பண்ணி முடித்த காரியத்துக்குக் காகிதம் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கூச்சம். சாமுவேல் பி.ஏ. பாஸானான், சர்க்கார் உத்தியோகமும் கிடைத்தது. அதற்குப் பிறகு டீக்கனார் நம் வீட்டு வழியாக வருவதை விட்டுவிட்டு வாய்க்கால் கரையைச் சுற்றிக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார்.

அப்புறம்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை, மூன்று மணி நேர ஆராதனையில் எஸ்தர் மயங்கி விழுந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உபவாசம், மேலே ஓட்டுக் கூரை கொதிக்கிறது, அன்றைக்கு இன்னும் இரண்டு பெண்களுக்குத் தலை சுற்றியது. தண்ணீர் தெளித்து எழுப்பியதே டீக்கனாரின் மனைவிதான். அதே மயக்கத்தை வைத்து, கருப்பட்டிக்காரர் மகளுக்கு வலிப்பு இருக்கிறது, மறைத்து நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று அவர்கள் வீட்டிலிருந்து பேச்சு புறப்பட்டது. நான் முதலில் நம்பவில்லை. பள்ளிக்கூடத்து மானேஜர் எஸ்தரைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிற வேலை அல்லவா, கொஞ்சம் ஆறட்டும், வீட்டில் இரு என்று சொன்ன நாளன்றுதான் நம்பினேன். அவள் ஸ்லேட்டு, சாக்குக்கட்டி எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள், நாளைக்கே திரும்பக் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கையில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார். சாமுவேலுக்கு, நாகர்கோவில் சபையைச் சேர்ந்த ஒரு பெண்ணோடு விவாகம், முதலாம் வாசிப்பு, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று. மூன்று ஞாயிறும் அப்படிக் கேட்பது வழக்கத்துக்குத்தான். நான் பிறந்தது முதல் ஒருத்தர் எழுந்து நின்று நான் கண்டதில்லை. உன் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். எஸ்தர் திரும்பவே இல்லை. அடுத்த பாட்டை எல்லாரோடும் சேர்ந்து பாடினாள். எனக்கு ஒரு வரியும் வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். "போதகர் ஐயாட்ட எழுதிக் குடுங்க. இல்லேண்ணா ஒரு வக்கீலப் பாருங்க. நீங்களாட்டுப் போய் ஒண்ணும் பேசண்டாம்." நான் அவளைப் பார்த்துக் கையை உதறினேன். பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. அந்தக் கையுதறலை அவள் இன்னும் மறக்கவில்லை.

என் நினைப்பெல்லாம் சந்தையில் இருந்தது. நீயும் அங்கே நின்று பார்த்தவன்தானே. எடையில் ஏமாற்றுகிற ஆளிடம் நான் சண்டைக்குப் போகமாட்டேன். பக்கத்தில் போய் மெதுவாக, "கூவட்டா?" என்று கேட்பேன், அவ்வளவுதான். கூட்டத்தின் நடுவில் பெயரைச் சொல்லிக் கூவிவிட்டால் அன்றைய வியாபாரம் போச்சு என்று அவனுக்குத் தெரியும். குறைந்ததைக் கொடுத்துவிடுவான், மேலே ஒரு வெற்றிலைக் காசும் வைப்பான். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவேன். நாற்பது வருஷம் இதுதான் என் கோர்ட்டு, இதுதான் என் கச்சேரி. எனக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாய், அதைக் கேட்டு எனக்கு இன்னும் பெருமை.

இரண்டாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை டீக்கனாரின் கடைக்குப் போனேன். துணி எடுக்க வந்தவர்கள் இரண்டு பேர் நின்றார்கள், கடைச் சிப்பந்தி நின்றான். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போயிருக்கலாம். ஆள் இருப்பதுதான் நல்லது, பயப்படுவார் என்று எனக்குள் ஒரு கணக்கு.

"டீக்கனாரே, எனக்க மவளுக்கு என்ன பதில்?" என்றேன்.

அவர் துணியை முழம் போட்டுக்கொண்டே, "அது எப்பமோ முடிஞ்ச காரியமில்லியா. ஒம்ம மவளுக்குச் சொகமில்லேண்ணு ஊருக்கே தெரியுமே" என்றார்.

"நாளைக்கு ரெண்டாம் ஓலை. கோயில் மணி அடிக்கதுக்கு முன்ன ஐநூறு ரூவா எனக்க கையில வரணும். வந்துட்டா நான் வாய் தொறக்க மாட்டேன். வரல்லண்ணா சபை நடுவில எழும்பி நிண்ணு எல்லாத்தையும் சொல்லிருவேன்."

"எழும்பும் ஓய். நாங்களும் பாக்குதோம்" என்று சொல்லிவிட்டு அவர் வந்தவர்களுக்குத் துணியைக் கிழித்துக் கொடுத்தார்.

பணம் வரவில்லை. நான் எழுந்து நின்றேன். போதகர் ஐயா தடை உண்டா என்று வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார், "உண்டு" என்றேன். நிச்சயம் நடந்ததைச் சொன்னேன், படிப்புக்குக் கொடுத்ததைச் சொன்னேன், என் மகளுக்கு வலிப்பு என்று பொய் சொல்லிப் பரப்பியது இந்த டீக்கனாரின் வீடுதான் என்று கையை நீட்டிச் சொன்னேன். குரல் நன்றாகத்தான் எழும்பியது. கோயிலே இரண்டுபட்டது. ஆண்கள் பக்கத்தில் நாலு பேர் எழுந்தார்கள், குழந்தைகள் அழுதன, ஆராதனை பாதியில் நின்றது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்து, "நல்லா கேட்டீரு" என்றார்கள். மகனே, அந்த நேரத்தில் நான் எவ்வளவு குளிர்ந்துபோனேன் என்று எழுத இப்போது கை கூசுகிறது. எஸ்தர் யாரோடும் நிற்காமல் தனியாக வீட்டுக்கு நடந்துபோனதை நான் பார்த்தேன். பார்த்தும், இன்னும் இரண்டு பேர் வந்து கையைப் பிடிப்பார்களா என்று அங்கேயே நின்றேன்.

நாகர்கோவில் பெண் வீட்டார் அந்த வாரமே விலகிக்கொண்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண்ணை நான் கண்ணால் கண்டதுகூட இல்லை. ஓலையில் பெயர் வாசித்த பிறகு கல்யாணம் நின்றுபோன பெண் என்று இப்போது அவளையும் சாயாக்கடையில் பேசுகிறார்கள். அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. இது எனக்கு உறைக்கவே இரண்டு வாரம் ஆயிற்று, அதற்குள் எனக்குச் சம்மன் வந்துவிட்டது. அவதூறு ஒன்று, மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தது ஒன்று, ஆராதனையைக் கலைத்தது ஒன்று. கல்யாணம் முறிந்ததற்கு நஷ்டஈடு கேட்டு வேறு வழக்கு வரும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நஷ்டஈடு கேட்கப் போனது நான், இப்போது கொடுக்கவேண்டியதும் நான்.

பத்மநாபபுரத்திலும் குழித்துறையிலும் வெகுகாலம் வழக்காடின ஒரு வக்கீலிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீரு சபையில பறஞ்சது நெசமா?" என்றார்.

"கர்த்தர் சாட்சியாட்டு நெசம்."

"செரி. மொதநாள் கடையில போய் ஐநூறு கேட்டது?"

"அதும் நெசம்."

"அப்போ மொத நெசத்த ரெண்டாம் நெசம் தின்னுட்டு ஓய்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் கோபப்படாமல், மெதுவாகச் சொன்னார். பணம் வேண்டுமானால் நிச்சயத்தை மீறியதற்கும் படிப்புச் செலவுக்கும் நோட்டீஸ் விட்டு, சிவிலில் கேட்டிருக்கலாம். அதற்குக் காகிதம் இல்லாவிட்டாலும் பந்தியில் உட்கார்ந்தவர்கள் சாட்சி. தடை சொல்லவேண்டுமானால் போதகரிடம் எழுதிக் கொடுத்திருக்கலாம். நல்லெண்ணத்தோடு, கேட்கவேண்டிய இடத்தில், கேட்கவேண்டியவரிடம் சொன்னதற்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. "ரெண்டையும் சேத்து ஒரே கயித்தில கெட்டிட்டீரு. தந்தா பேசமாட்டேன், தரல்லண்ணா பேசுவேன்ணு சொன்ன ஒடனே நல்லெண்ணம் போச்சு. இனி நீரு சொன்னது நெசம்ணு நெரூபிச்சாலும், சக்கரக் காசுக்காகச் சொன்னீருண்ணு அவங்க பக்கம் மூணு சாட்சி நிக்குது."

"எனக்குத்தான் ஒரு சக்கரமும் கிடைக்கல்லியே" என்றேன்.

"கிடைக்காட்டியும், பறிக்கப் பாத்ததுக்கே சட்டத்தில வகுப்பு இருக்கு. செயிலுக்கும் போவலாம்" என்றார்.

டீக்கனார் சமாதானத்துக்கு அனுப்பின நிபந்தனை உனக்குத் தெரியும். வழக்குச் செலவைக் கொடுத்துவிட்டு, நான் எழுந்து நின்ற அதே இடத்தில் நின்று, அவர்கள் வக்கீல் எழுதினதை வாசிக்கவேண்டும். நிச்சயம் என்று ஒன்று நடக்கவேயில்லை, என் மகளைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவேயில்லை, பணத்துக்கு ஆசைப்பட்டு நான் பொய் சொன்னேன் என்று. வாசித்தால் வழக்கை வாங்கிக்கொள்வார்கள். ஜெயில் என்ற சொல்லைக் கேட்ட நாள் முதல் எனக்கு இரவில் உறக்கமில்லை. நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். எஸ்தரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் பணமும் வந்தது, நீயும் வாசிக்கச் சொல்லிவிட்டாய், எனக்கு ஆறுதலாயிருந்தது என்று முதலில் எழுதினேனே, அது இந்த ஆறுதல்தான். நிச்சயத்தன்று கையில் சோற்றுவாளியோடு நின்ற பிள்ளையே அப்படி ஒன்று நடக்கவில்லை என்று வாசிக்கச் சொல்லும்போது, நான் மட்டும் என்ன என்று இருந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நேற்று பகலில் நான் கருப்பட்டி அடுக்கிவைக்கிற சாய்ப்பில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை வாய்விட்டு வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், சபையில் தடுமாறக்கூடாதே என்று. எஸ்தர் ஓலைப்பெட்டியின் கிழிசலைப் பொத்த வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். முழுவதும் கேட்டாள். பிறகு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, சாமுவேல் படிப்புக்கு எவ்வளவு குடுத்திய?" என்று கேட்டாள்.

"முந்நூறுக்குப் பக்கம் வரும்" என்றேன்.

"நீங்க ஐநூறு கேட்டிய. மிச்சம் இருநூறு எதுக்கு? எனக்கா?"

ஆமாம், அவளுக்குத்தான். மானத்துக்கு என்று சேர்த்துப் போட்டது. கடைக்கு நடந்து போகிற வழியில் நூறு போடுவோமா இருநூறு போடுவோமா என்று யோசித்துப் போட்டது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அவள் குரலை உயர்த்தவில்லை. "டீக்கனாரு அந்த ஐநூறத் தந்திருந்தா நீங்க பேசாம இருந்திருப்பியளே அப்பா. ஓலை வாசிச்சு முடிஞ்சு, கல்யாணமும் முடிஞ்சிருக்கும். நான் காலம் முழுக்க வலிப்புக்காரியாட்டு இந்த வீட்டில இருந்திருப்பேன். அது ஒங்களுக்குத் தோணல்லியா?"

மகனே, தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. வந்துவிட்டால் வாய் திறக்கமாட்டேன் என்று மூன்று பேர் கேட்கச் சொன்னவன் நான். அவள் பெயரைக் காப்பாற்றப் போனேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் அதை விற்கப் போயிருக்கிறேன். வாங்குகிற ஆள் விலை ஒத்துக்கொள்ளாததால்தான் அது விற்காமல் வீடு திரும்பியிருக்கிறது. இவ்வளவுக்கும் மேலே இப்போது இந்தக் காகிதம். இதை வாசித்தால் பழி எனக்கு மட்டும் என்றுதான் நீயும் நானும் நினைத்தோம். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று பெற்ற அப்பனே சபையில் வாசித்துவிட்டால், வலிப்பு என்ற பேச்சு பிறகு யார் சொன்னதாக ஆகும்? தானாகத் தெரிந்த உண்மையாக ஆகிவிடும். எந்த மானேஜர் அவளைப் பிறகு பள்ளிக்கூடத்துக்குள் விடுவார்? நான் ஜெயிலுக்குத் தப்ப, அவளை இரண்டாம் தடவை விற்கிறேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பன் மகளிடம் கேட்கிறதா என்று பார்க்கவில்லை, கேட்டுவிட்டேன். அவள் பெட்டியைப் பொத்தி முடித்து நூலைக் கடித்தாள். "எனக்கிட்ட இஞ்ச வச்சுக் கேக்கண்டாம். ஆளுக்கு முன்ன வச்சுத்தானே வெல போட்டிய. அங்கயே வச்சுக் கேளுங்க. நான் முன்வரிசையில வந்து இருக்கேன்" என்றாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவள் கோயிலில் வாசல் பக்கத்துத் தூணுக்குப் பின்னால்தான் உட்காருகிறாள் என்று உனக்குத் தெரியாது.

இன்று காலையில் வக்கீலிடம் போனேன். காகிதத்தை வாசிக்க மாட்டேன் என்றேன். எஸ்தரிடம் சபை முன்னால் மன்னிப்புக் கேட்கப் போவதையும் சொன்னேன். சபையில் டீக்கனாரைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, சொன்னால் அது புதிய அவதூறு என்றார். நான் பணம் கேட்டதை நானே ஒப்புக்கொண்டால் அதுவும் எனக்கு எதிராகச் சாட்சியாகும் என்றார். ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்களே, நாலாவதாக நானும் நின்றுவிட்டுப் போகிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் கேட்டால், பணம் கேட்டது என் குற்றம் என்று சொல்லப் போகிறேன். நிச்சயம் நடந்ததா என்று கேட்டால் நடந்தது என்றும் சொல்வேன். அங்கே கேள்விக்குச் சொல்லுகிற பதில் வேறு, நானாகக் கூவுவது வேறு என்பது இப்போதுதான் எனக்குப் புரிந்திருக்கிறது. ஜெயில் என்றால் ஜெயில். அபராதம் என்றால் சாய்ப்பை விற்கவேண்டி வரும். உன் பணத்தைத் திருப்பி மணியார்டர் செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நிச்சயத்தன்று இருந்தவர்களில் உபதேசியார் இறந்துவிட்டார், மற்றவர்கள் டீக்கனாருக்குப் பயந்தவர்கள். வழக்கு செவ்வாய்க்கிழமையோடு முடியாதாம், நீ வந்து சாட்சி சொன்னால் உன் தங்கைக்கு அது உதவும். எனக்காக வரவேண்டாம், அவளுக்காக வரத் தோன்றினால் வா. லீவு கிடைக்காவிட்டால் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

கங்காணி விஷயத்துக்கு வருகிறேன். உன் பணம் உனக்கு வேண்டுமென்றால், அதற்கு அங்கே உள்ள கச்சேரியில் உன் பணத்தை மட்டும் கேளு. அரிசியைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் துரையிடம் போய் அரிசியை மட்டும் சொல்லு, உனக்கென்று ஒன்றும் கேட்காதே. இரண்டையும் சேர்த்து அவன் காதில் போய்ச் சொன்னால் நாளைக்கு அவன் புகார் கொடுப்பான், நீ கூண்டில் நிற்பாய், அரிசி திருடினவன் வெளியே நிற்பான். அது சட்டம். அதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. அந்தக் கங்காணி பயந்து உன் பணத்தைத் தந்துவிட்டான் என்று வைத்துக்கொள். நீ சொன்ன சொல்லுக்கு வாயை மூடிக்கொள்ளவேண்டும். அப்புறம் அந்தக் கூலியாட்கள் பிள்ளைகுட்டிகளோடு குறைந்த அரிசியைத்தானே சாப்பிடுவார்கள்? அவர்கள் பசியை வைத்து உன் பாக்கியை வசூலிக்கலாமா என்று அவர்களிடம் கேட்டாயா? நானும் கேட்கவில்லை. அப்பா சந்தையில் செய்கிற மாதிரி என்று இனி எங்கேயும் எழுதாதே, சொல்லாதே. அங்கே எடை குறைந்தது என்று எனக்கு மட்டும் சரிசெய்துகொண்டு எத்தனை தடவை வந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் அதே தராசில் வாங்கினவர்களை நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

போதகர் ஐயாவிடமும் சொல்லிவிட்டேன். நாளைக் காலை ஆராதனையில் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். டீக்கனார் வீட்டார் எல்லாரும் வந்திருப்பார்கள், தங்கள் காகிதத்தை நான் வாசிப்பேன் என்று காத்திருப்பார்கள். அது என் கையில் இருக்காது. என் மகளுக்கு நான் விலை போட்டேன், அவளைக் கேட்காமல் போட்டேன், அது பாவம், அவள் என்னை மன்னிக்கவேண்டும், நான் முகம் அறியாத நாகர்கோவில் பெண்ணும் மன்னிக்கவேண்டும் என்று சொல்லுவேன். அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. காலையிலிருந்து பலதடவை சொல்லிப் பார்த்தேன், ஒரு தடவையும் முடிவு வரைக்கும் போக முடியவில்லை. உன் அம்மா சற்று முன்பு உள்ளே வந்து, "அவ மொகத்தப் பாத்துச் சொல்லணும், கேட்டியளா? தரையப் பாத்துச் சொல்லப்பிடாது" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசின முதல் பேச்சு. பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவேண்டும் என்று நீ அங்கே இருந்து ஜெபம் பண்ணு. கேஸ் ஜெயிக்கவேண்டும் என்று பண்ணவேண்டாம்.

தலைகுனிந்து எழுதும்,
உன் அப்பன்